இருபதுக்குக் கீழே இறங்காதவர்

கார்க் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன் மாமா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உன் கருத்து எதையும் நடுவுல சேர்க்காத. நான் சொல்றத அப்படியே அவங்களுக்குச் சொல்லு. அவங்க சொல்றத அப்படியே எனக்குச் சொல்லு. போதும்."

"சரி மாமா."

மாமா என் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் தங்கை. பிழைக்க வந்த நாட்டில் இத்தனை வருடம் குடியிருந்தும் அந்த நாட்டு மொழியில் மாமாவுக்கு வணக்கம், நன்றி, ரசீது என்ற மூன்று சொற்கள்தான் வரும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை. தான் சொல்வது கம்ப்யூட்டருக்குப் புரிந்தால் போதும் என்பார். நான் பாதிப் படிப்பைத் தமிழிலும் மீதியை இங்கத்திய மொழியிலும் முடித்தவள் என்பதால் வங்கி, ஆஸ்பத்திரி, கார்க் கடை என்று எங்கே போனாலும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார். அத்தைக்கும் அந்த மொழி சரளமாக வரும். மகளின் பள்ளிக்கூடக் கூட்டங்கள், பல் டாக்டர், கீழ்வீட்டு அம்மா என்று பேசிப் பேசிப் பழகிக்கொண்டது. ஆனால் பெண்டாட்டி பேச, தான் பக்கத்தில் கைகட்டி நிற்பது மாமாவுக்கு ஒத்துவராது. அதனால் அன்றைக்கும் அத்தை எங்களுக்குச் சற்றுப் பின்னால்தான் வந்தாள்.

விற்பனைப் பெண் மூவருக்கும் நாற்காலி போட்டாள்.

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்கன்னு கேக்கறாங்க, மாமா."

"ஆபீஸுக்குப் போயிட்டு வர்றதுதான். ஆனா நிறைய ஓட்டுவேன்னு சொல்லு."

சொன்னேன்.

"வீட்டுல சார்ஜ் போட வசதி இருக்கான்னு கேக்கறாங்க."

"என்ன கேள்வி இது. கரண்ட் இல்லாத வீடா நம்ம வீடு? இருக்குன்னு சொல்லு."

மாமாவின் வீடு மூன்றாம் மாடியில் இருக்கும் வாடகை வீடு. கார் நிறுத்தும் இடம் கட்டடத்துக்குப் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், திறந்தவெளியில். அங்கே ஒரு விளக்குகூடக் கிடையாது. மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் உடனே எந்த மாடி என்று கேட்டாள். மாமா மூன்று விரலைக் காட்டினார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக விளக்கினாள்.

"உங்களுக்கு ஹைப்ரிட்தான் சரியா வரும்கறாங்க மாமா. பெட்ரோல் போட்டா போதுமாம். பேட்டரி ஓடும்போதே தானா ஏறிக்குமாம். எங்கயும் சொருகி வச்சுட்டுக் காத்திருக்க வேண்டாமாம்."

"அது ரெண்டுங்கெட்டான். ஆம்பளைன்னா ஒரு முடிவு எடுக்கணும். எங்க ஆபீஸ்ல பெரியவர் முழு எலக்ட்ரிக்தான் வச்சிருக்காரு, தெரியுமில்ல?"

இதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அத்தை நேராக அந்தப் பெண்ணிடமே ஏதோ கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாகப் பதில் சொன்னாள்.

"என்ன கேக்கறா அவ?"

"குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா தூரம் எவ்வளவு குறையும்னு கேட்டாங்க, மாமா. நல்லாவே குறையும்னு சொல்றாங்க."

மாமா சிரித்தார். "காரைக் காட்டுறதுக்கு முன்னாடியே இவளுக்குக் குளிர ஆரம்பிச்சுடுச்சு. வெள்ளைக் கலர் இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

வெள்ளை இருந்தது. வாங்கினார்.

கார் வந்த வாரத்திலேயே மாமா இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டார். பேட்டரியை எண்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது, இருபதுக்குக் கீழே இறக்கக்கூடாது. இதைச் சொல்லாத ஆள் கிடையாது, சொல்வதில் தப்பும் கிடையாது. ஆனால் மற்றவர்கள் அதை ஒரு நல்ல பழக்கமாக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் நூறும் ஏற்றுவார்கள், பத்தும் இறக்குவார்கள். மாமா அதை விரதமாக எடுத்துக்கொண்டார். முழு பேட்டரிக்கும் காசு கொடுத்துவிட்டு முக்கால் பேட்டரிகூட இல்லாமல் ஓட்டினார். மீதியை யாருக்காகப் பத்திரப்படுத்துகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் அவருக்குப் பர்சென்ட் என்று பெயர் வைத்தார். எங்கள் மொழி பேசும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் அந்தப் பெயர்தான் புழங்கும். அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

வந்ததும் அவர் ஆரம்பித்துவிடுவார். "மச்சான், நீங்க இன்னும் புகை விட்டுட்டுத்தான் இருக்கீங்களா?" அப்பாவின் கார் பெட்ரோல் கார். "விடறேன் மாப்பிள்ளை. ஆனா ஹீட்டர் போட்டுக்கிட்டு விடறேன்," என்பார் அப்பா. அத்தை உள்ளே போய் அம்மாவோடு நின்றுகொள்வாள்.

ஹீட்டர் விஷயம் வெறும் கிண்டல் இல்லை. மாமாவின் காரில் அது கிடையாது. அதாவது இருந்தது, போடக்கூடாது. அத்தை மடியில் ஒரு கம்பளியும் அதற்குள் வெந்நீர்ப் பையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். பின் சீட்டில் மகள் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். கண்ணாடியில் மூச்சு படிந்தால் மாமா ஒரு துணியால் துடைப்பார். நெடுஞ்சாலையில் பெரிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவார், காற்று தடுக்காதாம். பக்கவாட்டில் அவர்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

சார்ஜ் போட இடம் இல்லாத விஷயம் அவருக்குக் கார் வந்த பிறகுதான் உறைத்தது. சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு நீள ஒயரைக் கீழே விட்டார். அது இரண்டாம் மாடி அம்மாவின் பால்கனியைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. காற்றடித்த ஒரு நாள் அந்த அம்மாவின் பூந்தொட்டியை இழுத்துக்கொண்டும் இறங்கியது. கட்டடக் காவலர் ஒயரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். என்னைப் போன் போட்டு வரவழைத்துவிட்டுத்தான் மாமா கதவைத் திறந்தார். அதுவரை அந்த மனிதர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"மழை பெஞ்சு யாருக்காவது ஷாக் அடிச்சா யார் பொறுப்புன்னு கேக்கறாரு, மாமா."

"இந்த ஊர்ல முன்னேற்றமே பிடிக்காதான்னு கேளு."

நான் அதைக் கேட்கவில்லை. அதற்குள் அத்தை, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, காவலரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒயரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த புதுத் தொட்டியோடு இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்விட்டாள். மாமா என்னிடம், "என்ன சொன்னா? நம்ம மேல தப்புன்னு ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் பல்பொருள் அங்காடி. நகரத்தைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு பெரிய கடை. அதன் வாகன நிறுத்தத்தில் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகச் சார்ஜ் போட இரண்டு கம்பங்கள். ஓசி என்றதும் மாமாவின் கொள்கைகள் எல்லாம் அங்கே போய் நின்றன. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, அத்தையையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். கேபிளைச் சொருகிவிட்டு மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை டப்பாவில் கொண்டுபோன சோற்றைப் பிசைந்து கொடுப்பாள். வாடிக்கையாளர் என்று காட்டிக்கொள்ள ஒரு தீப்பெட்டியோ ஒரு எலுமிச்சம்பழமோ வாங்கி வருவார்கள். நான் ஒரு தடவை அவர்களோடு போனேன். ஆவி படிந்த கண்ணாடியில் மகள் விரலால் வீடு வரைந்து, அதற்குள் ஒரு பல்பும் வரைந்தாள். "அப்பா, நம்ம வீட்டுல கரண்ட் இருக்கு, வெளிச்சம் இருக்கு. ஏன் இங்க வந்து உக்காந்திருக்கோம்?"

"பூமியைக் காப்பாத்த," என்றார் மாமா, திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தபடி.

அவர் ஒருநாளும் அத்தையைத் திட்டியவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் கணக்குத்தான் காட்டுவார். கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது?

அத்தை ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். மாதிரிகளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சேகரிக்க அந்த நிலையத்தின் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனவள். இங்கே வந்ததும் ஊர் லைசென்ஸைக் கொடுத்து இந்த நாட்டு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் அவகாசம் இருந்தது. மாமா தன்னுடையதை மாற்றிக்கொண்டார். அத்தையுடையதை, "உனக்கு எதுக்கு இப்ப, அப்புறம் பாத்துக்கலாம்," என்று அலமாரியில் வைத்தார். அவகாசம் முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டுவதென்றால் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவளைப் போல முதலிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும்.

கார் வாங்கின மறுவருடம், ஊர் எல்லையில் புதிதாகத் திறந்த ஒரு பரிசோதனைக்கூடத்தில் அத்தைக்கு வேலை கிடைத்தது. அதிகாலை வேலை, முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். சொந்தமாக வண்டி ஓட்டி வர முடிந்தால்தான் வேலை என்றார்கள். மூன்று மாதம் வரை இடத்தை அவளுக்காகக் காலியாக வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். அத்தை அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அழுகிற ஆள் இல்லை. "எனக்கு மறுபடியும் வெள்ளைக் கோட்டு," என்றாள்.

அத்தை சேர்ந்த ஓட்டுநர் பள்ளியின் டீச்சர் நரைத்த தலையைக் கிராப் வெட்டிய கறாரான பெண்மணி. கியர் வைத்த பழைய கார் ஒன்றில் கற்றுக்கொடுத்தார். வகுப்பு போக, வீட்டிலும் பழகச் சொன்னார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சட்டம் அனுமதிக்கிறது. மாமாவும் உட்கார்ந்தார். ஒரே ஒரு நாள். கட்டடத்துக்குப் பின்னால் அத்தை குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே அழகாகப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். மூன்றாம் தடவை எடுக்கும்போது மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"போதும். ரிவர்ஸ் எடுத்தே ஒரு பர்சென்ட் போச்சு."

"இன்னும் ஒரு தடவை, என்னங்க."

"உனக்கென்ன, நாளைக்கு ஆபீஸ் போறது நான்தானே."

அத்தை இறங்கிக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அப்பாவின் புகை விடும் காரில்தான் மீதிப் பயிற்சி நடந்தது.

ஓட்டிக் காட்டும் பரீட்சை பக்கத்து ஊரில். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது கிடைக்கப் பல வாரம் ஆகும். வேலை அதுவரை நிற்காது. டீச்சரின் கார் வேறொரு மாணவருக்காகக் காலையிலேயே அங்கே போய்விட்டது. அப்பா கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பெண்டாட்டிக்கு டெஸ்ட், நான் கூட்டிட்டுப் போறேன் மச்சான்," என்றார். அதிகாரி ஏதாவது கேட்டால் பேச வேண்டுமே என்று என்னையும் பின் சீட்டில் ஏற்றினார். பரீட்சைக்குப் போகிறவளுக்கே மொழி தெரியும் என்பதை அவருக்கு நினைவுபடுத்திப் பயனில்லை.

கிளம்பும்போது திரையில் முப்பத்தெட்டு. முந்தின நாள் அங்காடியில் கூட்டமாம், எண்பது ஆகவில்லையாம். குளிர் நன்றாக இருந்தது. எண் மளமளவென்று இறங்கியது. அங்காடி வரும்போது இருபத்தொன்பது. மாமா இண்டிகேட்டரைப் போட்டார்.

"எதுக்குங்க இங்க?" என்றாள் அத்தை.

"போறதுக்குப் போதும். திரும்பி வர்றப்ப இருபதுக்குக் கீழ போயிடும். கொஞ்சம் போட்டுட்டுப் போயிடலாம்."

"அந்த டெஸ்ட் இடத்துக்குப் பக்கத்துலயே சார்ஜர் இருக்கு. நான் ஓட்டிக் காட்டுற நேரத்துல நீங்க போட்டுக்கலாமே."

"அது காசுக்கு."

"சரி, காசுக்குத்தான். நான் தரேன்."

"காசுக்காகச் சொல்லல. அது வேகமா ஏத்தற சார்ஜர். பேட்டரிக்கு ஆகாது."

இரண்டு கம்பங்களில் ஒன்றில் பழுது என்று நாடா ஒட்டியிருந்தது. மற்றதில் யாருடைய காரோ சொருகிக் கிடந்தது. மாமா அதற்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "சாமான் வாங்கத்தானே போயிருப்பான். இதோ வந்துடுவான்," என்றார். அத்தை கார்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் அந்த அந்நியக் காரின் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோயில் கதவு திறக்கக் காத்திருப்பவரைப் போல.

கடைவாசலில் ஒரு குழாய்ப் பழுதுக்காரர் தன் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கூரையில் குழாய்கள் கட்டிய, துருப்பிடித்த, கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்த வேன். அத்தை மடியிலிருந்த கம்பளியை மடித்து சீட்டில் வைத்தாள், வெந்நீர்ப் பையை அதன் மேல் வைத்தாள், இறங்கி நேரே அவரிடம் போனாள்.

மாமா கண்ணாடியை இறக்கினார். "அவன்கிட்ட என்ன பேசறா?"

"பக்கத்து ஊர்ப் பக்கம் போறீங்களான்னு கேக்கறாங்க, மாமா."

"அவன் என்ன சொல்றான்?"

"ஏறிக்கச் சொல்றாரு."

மாமா வேனை ஏற இறங்கப் பார்த்தார். "அது டீசல் வண்டி," என்றார் பிறகு. குரலில் கோபமே இல்லை. அத்தை எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், நேரம் என்ன என்பதெல்லாம் அந்த முகத்தில் எங்கும் இல்லை. கட்டிக்கொண்ட மனைவி டீசல் வண்டியில் ஏறுகிறாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. நானும் இறங்கிப் போய் ஏறிக்கொண்டேன்.

வேனுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. குழாய்க்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "பெட்ரோல் தீந்துபோச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல. இருபத்தொம்போது பர்சென்ட் இருக்கு," என்றாள் அத்தை.

"அப்புறம் என்ன?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாமல் சிரித்தாள். அந்த மனிதரும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார். கைகளை ஹீட்டருக்கு நேரே நீட்டிச் சூடேற்றிக்கொண்டே வந்தாள். ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய கைகள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தேறினாள். டீச்சர் அவள் தோளில் ஒரு அடி வைத்தார். அவர் அகராதியில் அது கட்டிப்பிடிப்பதற்குச் சமம். எல்லாம் முடிந்து நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளைக் கார் வந்து நின்றது. மாமா முகம் மலர இறங்கினார்.

"அம்பத்தாறு ஏறிடுச்சு," என்றார். "நீ கொஞ்சம் இருந்திருந்தா சேர்ந்தே போட்டுட்டு வந்திருக்கலாம். என்ன ஆச்சு டெஸ்ட்?"

"நீங்க போங்க. நாங்க டீச்சரோட வரோம்," என்றாள் அத்தை.

இரண்டாம் மாடி அம்மா கண் பார்வை குறைந்ததால் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய சின்ன சாம்பல் நிறக் கார் அத்தைக்கு வந்தது. ஹைப்ரிட். பெட்ரோல் போட்டால் போதும், எங்கேயும் சொருகிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. "ரெண்டுங்கெட்டான்," என்று மாமா முதல் நாள் சொன்னார். அது எல்லோரும் தூங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் கிளம்பிப் போய், மத்தியானம் வெள்ளைக் கோட்டு மடித்த பையோடு திரும்பி வந்தது. மகள் அதில் தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்தாள். நாளடைவில் மாமாவும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்.

அடுத்த குளிர் தொடங்கும்போது அங்காடிக்காரர்கள் கம்பங்களில் அட்டை சொருகும் இயந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். இனி காசு. அதை எதிர்த்து மாமா கடை மேலாளரிடம் வாதாடப் போனார், நான் மொழிபெயர்த்தேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தினமும் எலுமிச்சம்பழம் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்டார். அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். கொள்கைக்காரர் காசு கொடுக்கமாட்டார், இருபதுக்குக் கீழேயும் இறக்கமாட்டார். வெள்ளைக் கார் சரியாக இருபதில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. மாமா பஸ்ஸில், பாதி வழியில் மாறி, ஆபீஸ் போனார். அப்பாவும் விடவில்லை. "என்ன மாப்பிள்ளை, பஸ்ஸுல இப்ப எத்தனை பர்சென்ட் இருக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. கூடத்தில் மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்கு ஒழுகியது, பஸ் நிறுத்தத்துக் குளிர். பேரங்களுக்கு முன்னால் செய்வதைப் போலத் தொண்டையைச் செருமினார். உள்ளே குழாய் நின்றது. அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அவ போற வழியிலதானே எங்க ஆபீஸ் இருக்கு," என்றார் மாமா. "நான் அவ கிளம்பற நேரத்துக்கே ரெடியாயிடுவேன். ஆபீஸ் திறக்கற வரைக்கும் வாசல்ல இருந்துக்கறேன். அது எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. என்னை அங்க எறக்கி விடுவாளான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா."

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"ஹீட்டர் போட்டுத்தான் ஓட்டுவாளான்னும் கேளு."